கடைத்தெருக் கழிப்பறையும் மக்கள் பங்கேற்பும்

கடைத்தெருவில் நகராட்சி ஒரு கழிப்பறை கட்டி முடித்தது. இதில் வியக்க ஒன்றுமில்லை. கட்டுவது நகராட்சியின் வேலை. வியப்பு என்னவென்றால், அது ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்தது. கூரை, கூரை இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. குழாயைத் திருகினால் தண்ணீர் வந்தது, மூடினால் நின்றது. பெண்களுக்கு ஒரு பக்கம், ஆண்களுக்கு ஒரு பக்கம், நடுவே நம்பிக்கையூட்டும் உயரத்தில் ஒரு சுவர். இவை எல்லாம் கட்டிய கொத்தனார் சொல்லித் தெரிந்த செய்திகள். வேறு யாரும் உள்ளே போய்ப் பார்க்கவில்லை. பூச்சு காய்ந்த கையோடு வெளிக்கதவில் ஒரு பூட்டைத் தொங்கவிட்டு ஆட்கள் போய்விட்டார்கள்.

அந்தப் பூட்டை அதிகம் பார்த்தவர் எதிரே சலூன் வைத்திருந்தவர்தான். அவருக்குச் சர்க்கரை வியாதி. சவரம் பாதி நடக்கும்போதே கத்தியை மடக்கி வைத்துவிட்டு, "ஒரு நிமிஷம் சார், இதோ வந்துட்டேன்" என்று கிளம்புவார். பேருந்து நிலையம் வரை ஓட வேண்டும். வாடிக்கையாளர்கள் ஒரு கன்னத்தில் நுரையோடு பத்திரிகை படித்துக்கொண்டிருப்பார்கள். ஒருமுறை அவர் திரும்பி வரத் தாமதமாகிவிட்டதால், நேர்காணலுக்குப் போக வேண்டிய ஒருவர் பாதி மீசையோடு போய்விட்டார். அவருக்கு வேலை கிடைத்தது என்பது வேறு விஷயம்.

சலூனை ஒட்டித் தள்ளுவண்டியில் காய்கறி விற்ற அம்மாவால் ஓடவும் முடியாது. வண்டியை யாரிடம் விட்டுவிட்டு ஓடுவது? அதனால் காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பும்போதே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார். வெயிலில் வெள்ளரிக்காய் விற்பார், ஒரு துண்டு வாயில் போட மாட்டார். அடிவயிற்று வலி என்று டாக்டரிடம் போனபோது, "தண்ணி நிறையக் குடிக்கணும்மா" என்றார் டாக்டர்.

"குடிச்சா எங்க டாக்டர் போறது?"

"அது என் துறை இல்லைம்மா" என்று டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

இப்படி இருவருக்கும் வயிற்றோடு சம்பந்தப்பட்ட காரணம் இருந்ததால், ஒரு நாள் சேர்ந்தே நகராட்சிக்குப் போனார்கள். காய்கறி வண்டிக்கு அன்று சலூன்காரரின் சம்சாரம் காவல்.

புகார்ப் பிரிவு எங்கே என்று விசாரித்துக்கொண்டு போனால், அந்த அறைக்கு மேல் 'மக்கள் பங்கேற்புப் பிரிவு' என்று பலகை தொங்கியது. எழுதிய பெயின்டர் பழைய எழுத்தைச் சரியாக அழிக்காததால் 'புகார்' என்பது அடியில் மங்கலாகத் தெரிந்தது. உள்ளே இருந்தவர் பங்கேற்பு அலுவலர். இருவரையும் பார்த்ததும் நாற்காலியைவிட்டு எழுந்து நின்றார். ஓர் அரசு ஊழியர் தங்களைப் பார்த்து எழுந்தது இருவருக்கும் கலவரமாக இருந்தது. பின்னால் யாராவது பெரிய மனிதர் வருகிறாரா என்று சலூன்காரர் திரும்பிப் பார்த்தார்.

"வாங்க, பங்கேற்பாளர்களே!" என்றார் அலுவலர்.

"நாங்க கடைத்தெருவுலேருந்து வர்றோம் சார். அந்தக் கக்கூஸைத் திறந்துவிடணும். அவ்வளவுதான்."

அலுவலர் ஏதோ இனிப்பை வாயில் போட்டுக்கொண்டவர் போலக் கண்ணை மூடித் திறந்தார். "என்ன அழகா ஆரம்பிச்சீங்க! ஆனா பாருங்க, நீங்க சொன்னது கோரிக்கை. பங்கேற்பு இல்லை."

"ரெண்டும் ஒண்ணுதானே சார்?"

"எப்படிங்க ஒண்ணாகும்? அந்தக் காலத்துல என்ன பண்ணுவோம்? நாங்களே கட்டுவோம், நாங்களே திறப்போம், நீங்க போவீங்க. உங்களை யாராவது ஒரு வார்த்தை கேட்டாங்களா?"

"கேக்கலை சார். ஆனா போனோம்."

"அதுதான் கொடுமை. கேக்காமலேயே போயிருக்கீங்க. வலிக்கலையா?"

"வலிக்குது சார்" என்றார் காய்கறிக்காரம்மா. "அடிவயிறு."

அலுவலர் அதையும் குறித்துக்கொண்டார். பிறகு மேலிடத்துச் சுற்றறிக்கை ஒன்றைப் பக்தியோடு எடுத்து வாசித்தார். இனிமேல் எந்தப் பொது வசதியும், குடிமக்களும் அமைப்புகளும் அதன் ஆளுகையில் அடித்தளத்திலிருந்து பங்கேற்று, உரிமையுணர்வு பெற்று, ஒருமித்த கருத்தை எட்டாத வரையில் திறக்கப்பட மாட்டாது. அதுவரை அந்த வசதி பூட்டிய நிலையில் மக்களுக்குச் சொந்தமாக இருக்கும்.

"ஒருமித்த கருத்துதான் இருக்கே சார்" என்றார் சலூன்காரர். "திறக்கணும்னு எல்லாருமே சொல்றாங்க."

"எல்லாரும் ஒரே கருத்து சொன்னா அங்க ஜனநாயகம் இல்லைன்னு அர்த்தம். மாற்றுக் கருத்து வரணும். அப்பறம் அது ஒருமிக்கணும். கவலைப்படாதீங்க, மாற்றுக் கருத்துக்கு நான் ஏற்பாடு பண்றேன்."

சொன்னபடியே ஏற்பாடு செய்தார். நகராட்சிக் கூட்ட அரங்கில் முதல் கலந்தாய்வு கூடியது. வியாபாரிகள் சங்கம் வந்தது. ஓய்வூதியர் பேரவை வந்தது. அதன் செயலாளருக்குச் சட்டப்புலி என்று பட்டப்பெயர். காலை நடையாளர் மன்றம் வந்தது. அவர்கள் நடப்பது ஊரின் இன்னொரு மூலையில், வீட்டில் எல்லா வசதியையும் முடித்துக்கொண்ட பிறகு. இருந்தாலும் பங்கேற்பு என்றால் அவர்களுக்கு உயிர். இலக்கிய வட்டத்திலிருந்து கவிஞர் வந்தார். தெருநாய் நலச் சங்கத்திலிருந்து வந்த ஒருவர், அந்தக் கழிப்பறையின் வெளிச்சுவரை இத்தனை காலம் பயன்படுத்திவந்தவை நாய்களே என்றும், அவற்றின் கருத்து இதுவரை கேட்கப்படவில்லை என்றும் எடுத்த எடுப்பிலேயே கண்டனம் தெரிவித்தார். மாற்றுக் கருத்து வந்துவிட்டது என்று அலுவலர் மகிழ்ந்தார்.

எல்லோருக்கும் வண்ண வண்ணமாகச் சின்னத் தாள்கள் கொடுக்கப்பட்டன. கழிப்பறை என்றதும் மனதில் தோன்றும் ஒரே ஒரு சொல்லை எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். சட்டப்புலி 'பொறுப்புடைமை' என்று எழுதினார். கவிஞர் 'விடுதலை' என்று எழுதினார். காய்கறிக்காரம்மா 'அவசரம்' என்று எழுதி ஒட்டினார். எதிர்மறை எண்ணங்களைச் சிவப்புத் தாளில்தான் எழுத வேண்டும் என்று சொல்லி, அதைக் கழற்றி ஓர் ஓரமாக ஒட்டினார்கள்.

"இப்ப எல்லாரும் கண்ணை மூடிக்குங்க" என்றார் அலுவலர் மென்மையான குரலில். "மூச்சை இழுத்து விடுங்க. உங்க கனவுக் கழிப்பறையை நினைச்சுப் பாருங்க. வெளிச்சமா இருக்கு. சுத்தமா இருக்கு. எங்கேயோ தண்ணி ஓடுது... சலசலன்னு... சலசலன்னு..."

சலூன்காரர் இரண்டாவது சலசலவுக்கே எழுந்துவிட்டார். நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு ஓடி, தாழ்வாரக் கோடியில் இருந்த அலுவலகக் கழிப்பறையைக் கண்டுபிடித்து நுழைந்துவிட்டார்.

நிம்மதியாகத் திரும்பி வந்து கதவைத் தள்ளினால், அரங்கம் முழுவதும் எழுந்து நின்று கை தட்டியது. இதற்கெல்லாமா கை தட்டுவார்கள் என்று அவர் கூசிப்போனார். அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. பேச்சோடு நிற்காமல் செயலில் இறங்கியவர் அவர் ஒருவர்தான் என்று அலுவலர் முன்மொழிய, கடைத்தெருக் கழிப்பறை மக்கள் ஆளுகைக் குழுவுக்கு அவரையே தலைவராகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

அலுவலர் மைக்கை அவர் கையில் கொடுத்து, "தலைவரே, உங்க கருத்து என்ன?" என்றார்.

சலூன்காரர் மைக்கைப் பார்த்தார். கத்தரிக்கோல் பிடித்த நாளிலிருந்து அவர் மற்றவர்களுடைய கருத்தைக் கேட்டுக்கொண்டிருந்தவர். மழை, விலைவாசி, மருமகள், மந்திரி என்று எந்தத் தலை என்ன சொன்னாலும் "ஆமா சார்", "சரிதான் சார்" என்பதுதான் அவர் பங்கு. தலையை ஆட்டாதீர்கள் என்று சொல்ல வேண்டிய இடத்தில்கூடத் தன் தலையை ஆட்டிக்கொண்டே சொல்வார். அவருடைய கருத்தை யாரும் கேட்டதில்லை. பெற்றவர்கள் கேட்கவில்லை. கட்டியவளும் கேட்கவில்லை. இப்போது இவ்வளவு பேர் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

கதவைத் திறக்க வேண்டும் என்று சொல்லத்தான் வாயெடுத்தார். அவ்வளவு சின்ன வாக்கியத்தை அவ்வளவு பெரிய மைக்கில் சொல்வது அநியாயமாகப் பட்டது. சுவரின் நிறத்தைப் பற்றி ஆரம்பித்தார். அதிலிருந்து நாட்டின் நிலைமைக்குப் போனார். முடித்தபோது தண்ணீர் கொடுத்தார்கள்.

வீட்டுக்குப் போனதும் சம்சாரம் கேட்டாள்: "திறந்தாச்சா?"

"அதெல்லாம் எடுத்தேன் கவுத்தேன்னு செய்யற காரியம் இல்லடி. முதல்ல மக்களுக்கு உரிமையுணர்வு வரணும்."

"என்ன வரணும்?"

"உரிமையுணர்வு."

"உங்களுக்கு வர்றது வேற ஒண்ணாச்சே."

சலூன்காரர் சட்டையிலிருந்து தலைவர் பேட்ஜைக் கழற்றி, கசங்காமல் அலமாரியில் வைத்தார். பித்தளை பேட்ஜ் கசங்காது என்பது அவருக்குத் தோன்றவில்லை.

குழு வேகமாக வேலை செய்தது. பெயர்சூட்டு உபகுழுவில் கவிஞர் 'ஒதுங்ககம்' என்றார். அது ஒதுக்கப்பட்டோரைக் குறிப்பதாக வியாபாரிகள் சங்கம் எதிர்த்தது. 'நிம்மதியகம்' என்று திருத்தினார்கள். நிம்மதி வேறு மொழிச் சொல் என்று கவிஞர் வெளிநடப்புச் செய்தார். அவரைத் திரும்ப அழைத்து வர ஒரு நல்லெண்ண உபகுழு அமைக்கப்பட்டது.

இதையெல்லாம் தாண்டி, இனித் திறந்துவிடலாம் என்ற நிலைமை வந்த அன்றுதான் சட்டப்புலி எழுந்தார்.

"ஒரு சந்தேகம். விதிமுறைப்படி குழுவுல பயனாளர் பிரதிநிதி ஒருத்தர் இருக்கணும். இருக்காரா?"

"இங்க இருக்கிற எல்லாருமே பயனாளர்தானே?" என்றார் சலூன்காரர்.

"தலைவர் மன்னிக்கணும். பயனாளர்னா பயன்படுத்தினவர். இந்தக் கழிப்பறையை இங்க யார் பயன்படுத்தியிருக்கீங்க? கை தூக்குங்க."

யாரும் தூக்கவில்லை.

"பூட்டியிருக்கே, எப்படிய்யா பயன்படுத்தறது?" என்று கேட்டார் காய்கறிக்காரம்மா. அவர் குழுவில் சேரவில்லை. வண்டி இருக்கிறது, வேலை இருக்கிறது என்று மறுத்துவிட்டார். அன்று கதவு திறப்பார்கள் என்று கேள்விப்பட்டு வந்து வாசலோடு நின்றிருந்தார்.

"அதேதான் நானும் சொல்றேன்" என்றார் சட்டப்புலி. "திறக்காம பயனாளர் கிடையாது. பயனாளர் இல்லாம குழு முழுமை ஆகாது. குழு முழுமை ஆகாம திறக்க முடியாது. சட்டம்னா சட்டம்."

அரங்கம் கொஞ்ச நேரம் அந்த வாதத்தின் அழகை ரசித்தது. இதற்கும் பங்கேற்பு அலுவலரே வழி கண்டுபிடித்தார். மாதிரிப் பயன்பாட்டு ஒத்திகை. மக்கள் வரிசையில் நிற்க வேண்டும். ஒவ்வொருவராகப் பூட்டிய கதவு வரை போக வேண்டும். அங்கே நியாயமான நேரம் நிற்க வேண்டும். திரும்பி வந்து, அனுபவம் எப்படி இருந்தது என்று சிரிக்கும் முகம், சும்மா இருக்கும் முகம், அழும் முகம் ஆகியவற்றில் ஒன்றைத் தொட்டுக் காட்ட வேண்டும்.

"போயிட்டு வந்த மாதிரி நடிக்கணுமா?" என்று கேட்டார் காய்கறிக்காரம்மா.

"நடிப்பு இல்லைம்மா. திறன் மேம்பாடு."

ஒத்திகை அன்று தெருவே வரிசையில் நின்றது. காய்கறிக்காரம்மா எட்டிப் பார்த்தபோது கதவுப் பக்கம் கூட்டமாக இருந்ததால், அவசரத்தில் ஒத்திகை என்பதை மறந்து, நிஜமாகவே திறந்துவிட்டார்கள் என்று நினைத்துவிட்டார். வண்டியின் மேல் சாக்கைப் போட்டு மூடிவிட்டு ஓடி வந்து வரிசையில் நின்றார். நகர்ந்து நகர்ந்து, ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி, பல்லைக் கடித்துக்கொண்டு கதவருகே வந்தார். பூட்டைப் பார்த்தார். பின்னால் நின்றவர், "சீக்கிரம் யோசிச்சுட்டு வாங்கம்மா, எல்லாருக்கும் வாய்ப்பு கிடைக்கணும்ல" என்றார்.

அந்தக் கணத்தில் நகராட்சிப் புகைப்படக்காரர் எடுத்த படம் மேலிடத்துக்குப் போனது. அந்த அம்மாவின் முகத்தில் தெரிந்த ஈடுபாட்டை மேலிடம் வெகுவாகப் பாராட்டியது. அதை மற்ற ஊர்களுக்கும் அனுப்பி வைத்தார்கள். ஆனால் ஒத்திகையில் நின்றவர்கள் மாதிரிப் பயனாளர்கள்தான், நிஜப் பயனாளர் இல்லை என்று சட்டப்புலி சொல்லிவிட்டதால் பூட்டு அப்படியே தொங்கியது. அன்று மாலை அந்த அம்மா சலூன் வாசலில் வந்து நின்றார்.

"அண்ணே, நீங்கதானே தலைவர்? நீங்களுமா?"

"நான் என்ன தங்கச்சி செய்யறது? நடைமுறைன்னு ஒண்ணு இருக்கே."

"உங்களுக்கு இப்பல்லாம் அவசரமே வர்றதில்லையா?"

சலூன்காரர் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். அவருக்கு அவசரம் வருவது நிற்கவில்லை. ஓடுவதுதான் நின்றுவிட்டது. கூட்டங்கள் நகராட்சி அரங்கில் நடந்தன. குழு உறுப்பினர்கள் கூட்ட நேரத்தில் தாழ்வாரக் கோடியில் இருந்த அலுவலகக் கழிப்பறையைப் பயன்படுத்திக்கொள்ளலாம். எனவே அவசரம் வரும் வேளைகளை அனுசரித்துக் கூட்டங்களை வைக்க ஆரம்பித்திருந்தார்.

இந்தச் செய்தி கசிந்தது. கசிந்ததும் தெருவில் மக்களாட்சி உணர்வு பொங்கிவிட்டது. செருப்புத் தைப்பவர் குழுவில் சேர்ந்தார். பழக்கடைக்காரர் தன் குடும்பத்தோடு சேர்ந்தார். பேருந்து நடத்துநர்கள் தங்களுக்குள் ஒரு சங்கம் அமைத்துக்கொண்டு, சங்கமாகவே வந்தார்கள். யார் வந்தாலும் அலுவலர் எழுந்து நின்று வரவேற்றார். காலையில் கூட்டம், மத்தியானம் கூட்டம், சாப்பாட்டுக்கு அப்புறம் அவசரக் கூட்டம். நிகழ்ச்சி நிரலை யாரும் கேட்கவில்லை. வருகிறவர்கள் கையெழுத்துப் போடுவார்கள், தாழ்வாரக் கோடிக்குப் போவார்கள், திரும்பி வந்து தீர்மானத்தை வழிமொழிந்துவிட்டுக் கிளம்புவார்கள். இவ்வளவு துடிப்பான பங்கேற்பு வேறெங்கும் இல்லை என்று மேலிடத்திலிருந்து பாராட்டு வந்தது. பங்கேற்பு அலுவலருக்குப் பதவி உயர்வு நெருங்கிவிட்டதாகப் பேச்சு.

நகராட்சி ஆணையர் ஒரு பெண்மணி. அதிகம் பேசாதவர். மாடியில் கோப்பு பார்த்துக்கொண்டிருப்பவர். ஒரு நாள் கீழே இறங்கித் தாழ்வாரக் கோடிக்குப் போனார். அங்கே வரிசை படிக்கட்டு வரை நின்றது. முன்னால் போகப் பார்த்தவரைத் தெருநாய் நலச் சங்கத்துக்காரர் கையை நீட்டி மறித்தார்.

"மேடம், பின்னால வாங்க. இங்க எல்லாரும் சமம்."

ஆணையர் வரிசையின் கடைசிக்குப் போய் நின்றார். நின்றார். நின்றுகொண்டே இருந்தார். பிறகு பங்கேற்பு அலுவலரைக் கூப்பிட்டார்.

"கடைத்தெருவுல ஒண்ணு கட்டினோமே?"

"ஆமா மேடம். ஆளுகைக் கட்டமைப்பு உருவாகிட்டு இருக்கு. இன்னும் ஒருமித்த—"

"திற."

"மேடம், கலந்தாலோசிக்காம—"

"வாட்ச்மேனைச் சாவியோட அனுப்பு. இப்பவே."

வாட்ச்மேன் கையில் பிடித்திருந்த டீயைக் குடித்தபடியே போய்ப் பூட்டைத் திறந்தார். மிச்ச டீ சூடாகவே இருந்தது.

கடைத்தெரு கொந்தளித்தது.

"எங்களைக் கேட்காம திறந்துட்டாங்க!" என்று செருப்புத் தைப்பவர் சலூனுக்குள் ஓடி வந்தார். சலூன்காரர் கத்தியைக் கீழே போட்டார். தலைவர் என்று ஒருவர் எதிரிலேயே இருக்கும்போது, ஒரு வார்த்தை சொல்லாமல், ஒரு வாட்ச்மேன் வந்து திறந்துவிட்டுப் போவதா?  இத்தனை உபகுழுக்கள், இத்தனை வண்ணத் தாள்கள், கவிஞரின் இத்தனை வெளிநடப்புகள், எல்லாமே வீணா?

சற்று நேரத்தில் திறந்த கதவுக்கு முன்னால் குழு முழுவதும் தரையில் உட்கார்ந்துவிட்டது. 'மக்களைக் கேளாமல் திறக்காதே' என்று அட்டை எழுதிப் பிடித்தார்கள். தலைவர் வாசற்படியின் மேலேயே உட்கார்ந்தார். பங்கேற்பு அலுவலர் ஒலிபெருக்கியோடு ஓடி வந்து, நகராட்சிக்கு எதிரான போராட்டத்தில் நகராட்சியின் சார்பில் கலந்துகொண்டார்.

காய்கறிக்காரம்மா தெருவைக் கடந்து வந்தார்.

"தள்ளுங்கண்ணே."

"தங்கச்சி, இது கொள்கைப் பிரச்சினை."

"எனக்கு அவ்வளவு நேரம் தாங்காதுண்ணே."

சொல்லிக்கொண்டே தலைவரைத் தாண்டி உள்ளே போய்விட்டார்.

 கோஷம் நின்றது. உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. கொஞ்சம் பொறுத்துத் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நெளிந்தார்கள். சலூன்காரர் வானத்தைப் பார்த்து, வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டு, முழங்கால்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். இன்னும் ஒரு வாளி தண்ணீர் கொட்டியிருந்தால் போராட்டம் சிதறியிருக்கும்.

அதற்குள் அந்த அம்மா கையை உதறிக்கொண்டே வெளியே வந்தார். பத்து வருஷம் சின்னவர் போல இருந்தார்.

"தண்ணி நல்லா வருது" என்றார் பொதுவாக.

பங்கேற்பு அலுவலருக்கு உடம்பு சிலிர்த்தது. உட்கார்ந்திருந்தவர்களை மிதித்துக்கொண்டு ஓடிப்போய் மைக்கை நீட்டினார். "அம்மா! நீங்கதான் முதல் பயனாளர்! சொல்லுங்க, எப்படி இருந்தது? உங்க கருத்து என்ன?"

"என்ன கருத்து? போனேன், வந்தேன். நான் வண்டிக்குப் போகணும்."

"இல்லைம்மா. நீங்க என்ன நினைக்கறீங்களோ அதுதான் முக்கியம். நாங்க எல்லாரும் காத்துட்டு இருக்கோம்."

காய்கறிக்காரம்மா ஒரு காலைத் தெருவில் வைத்தவர் நின்றார். சந்தைக் குத்தகைக்காரன் வண்டியை நிழலிலிருந்து வெயிலுக்கு மாற்றியபோது அவரைக் கேட்கவில்லை. புருஷன் வேலையை விட்டபோது கேட்கவில்லை. மகன் தனிக்குடித்தனம் போனபோது கேட்கவில்லை. விலையைத் தவிர வேறு எதையும் அவரிடம் யாரும் கேட்டதில்லை. அதையும் கேட்டுவிட்டுக் குறைக்கத்தான் சொன்னார்கள்.

"ஒரு கொக்கி இருந்தா நல்லா இருக்கும்" என்றார் மெதுவாக. "பை மாட்டறதுக்கு."

கை தட்டினார்கள்.

"கதவு கொஞ்சம் கிறீச்சுங்குது."

இன்னும் பலமாகத் தட்டினார்கள். கவிஞர் "ஆகா" என்றார்.

அந்த அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு மைக்கைத் தானே வாங்கிக்கொண்டார். கொக்கியில் தொடங்கிய பேச்சு குத்தகைக்காரனுக்குப் போய், மகனைத் தொட்டு, வெயிலில் வாடும் கீரையில் வந்து நின்றபோது, வண்டியில் இருந்த தக்காளியை ஒரு மாடு தின்று முடித்திருந்தது. யாரும் கவனிக்கவில்லை. அவரும் கவனிக்கவில்லை.

அவரைப் பயனாளர் பிரதிநிதியாக ஏகமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். குழு முழுமையடைந்தது. பங்கேற்பு அலுவலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இனிமே எந்தத் தடையும் இல்லை. முறைப்படி, மக்கள் பங்கேற்போட, நாமளே திறக்கலாம்!"

"அதான் திறந்திருக்கே" என்றார் பழக்கடைக்காரர்.

சட்டப்புலி அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "திறந்திருக்கிறதை எப்படிய்யா திறக்கிறது? முதல்ல பூட்டணும்."

எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். சலூன்காரர் ஒருமுறை உள்ளே திரும்பிப் பார்த்தார். கைக்கெட்டும் தூரத்தில் வெள்ளைச் சுவர் பளபளத்தது. பிறகு எதிரே புகைப்படக்காரர் பிடித்திருந்த கேமராவைப் பார்த்தார்.

"பூட்டணும்கிறவங்க கை தூக்குங்க" என்றார்.

எல்லாக் கைகளும் எழுந்தன. சலூன்காரர் ஒரு கையை உயர்த்தினார். இன்னொரு கை வேறு வேலையாக இருந்தது. திறப்பு விழாவில் நாடா வெட்டப்போவது பயனாளர் பிரதிநிதிதான் என்றும், எனவே பூட்டிச் சாவியை வைத்துக்கொள்ளும் பெருமையும் அவருக்கே என்றும் தீர்மானித்தார்கள். காய்கறிக்காரம்மா பூட்டைக் கையில் வாங்கினார். கொஞ்சம் தயங்கினார். "இந்தப் பக்கம் பாருங்கம்மா" என்று புகைப்படக்காரர் சொன்னதும், பார்த்துக்கொண்டே அழுத்தினார். பூட்டு நல்ல பூட்டு. ஒரே அழுத்தில் விழுந்தது.

ஆணையருக்குத் தகவல் போனது. "மக்களே பூட்டினா நான் என்ன செய்ய முடியும்?" என்று சொல்லிவிட்டு, தாழ்வாரக் கோடியில் 'அலுவலர்களுக்கு மட்டும்' என்று பலகை மாட்டச் சொன்னார். அதற்குக் கலந்தாய்வு தேவைப்படவில்லை.

திறப்பு விழா நிச்சயம் நடக்கும். சிறப்பு விருந்தினர் யார் என்பதில் மட்டும் சின்ன அபிப்பிராய பேதம். சலூன்காரர் மறுபடியும் பேருந்து நிலையம் வரை ஓடுகிறார். இப்போது பேட்ஜோடு ஓடுகிறார். முன்பெல்லாம் கடையை மூடும் நேரத்தில் தெருக்காரர்கள் கூடி நின்று நகராட்சியை வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். திட்டிவிட்டுப் போனால் தூக்கம் நன்றாக வரும். இப்போது அந்தச் சுகமும் போய்விட்டது. யாரைத் திட்ட வாயெடுத்தாலும் அந்த ஆள் எதிரிலேயே நிற்கிறார், அவரும் குழுவில் இருக்கிறார்.

போன வாரம் தெருவில் புதிதாக ஒரு பெண் பிளாஸ்டிக் சாமான் கூடையோடு வந்து கடை போட்டாள். மத்தியானம் வரை பொறுத்துப் பார்த்துவிட்டு, காய்கறி வண்டிப் பக்கம் வந்து, தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அக்கா, அவசரம்னா இங்க எங்கக்கா போறது? அதோ ஒண்ணு இருக்கே, அது ஏன் பூட்டிக் கிடக்கு?"

காய்கறிக்காரம்மா தராசைக் கீழே வைத்தார். இடுப்புப் பையில் இருந்த சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு அந்தப் பெண்ணின் தோளில் கை வைத்து, அன்பாகக் கேட்டார்.

"அதைப் பத்தி நீ என்னம்மா நினைக்கிற?"

"நானா?" என்றாள் அவள். கூடையைக் கீழே இறக்கிவைத்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, வண்டியில் சாய்ந்து நின்று சொல்லத் தொடங்கினாள்.